இரைச்சலுக்குப் பட்டா

அனுப்புநர்:
இரைச்சல்,
தகப்பனார் பெயர்: வேகம்,
கதவு எண் கிடையாது. கதவைச் சாத்தினாலும் உள்ளே வருவேன்,
திண்டிவனம் கூட்டுரோடு, விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
கேட்டும் கேளாதிருக்கும் ஐயா அவர்கள் எல்லோருக்கும்.

பொருள்: மலை, ஏரி, காடு, கழிமுகம் ஆகிய இடங்களில் உள்ள புறம்போக்கு அமைதியை நெடுங்காலமாக அனுபவித்து வருவதால் மேற்படி அமைதியை என் பெயருக்குப் பட்டா மாற்றித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். சத்தமாகவே வணக்கம்.

இந்த மாவட்டத்துக்கு நான் புதியவன் அல்ல. சனிக்கிழமை விடியுமுன் சென்னையை விட்டுக் கிளம்பி, ஒரு படையாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இன்னொரு படையாக ஜி.எஸ்.டி. சாலையிலும் வந்து சேருகிறேன். மரக்காணத்தில் டீ, திண்டிவனத்தில் டிபன், மற்றவை புதுச்சேரியில். சைலன்சரைக் கழற்றிய பைக், ஏர்ஹாரன் மாட்டிய பஸ், கண்ணாடியை இறக்கிவிட்டு ஊருக்கே பாட்டுப் போடும் கார், திருவிழா முடிந்தும் மரத்தை விட்டு இறங்காத குழாய் ரேடியோ எல்லாம் என் குடும்ப அட்டையில் உள்ள பெயர்கள். பைக்குக்குச் சுங்கம் கிடையாது என்பதால் விக்கிரவாண்டியில்கூட என்னை யாரும் நிறுத்துவதில்லை.

ஏரிப் புறம்போக்கில் ஓர் ஏழை ஓலைக் கொட்டகை போட்டால் நோட்டீஸ் வருகிறது, ஜே.சி.பி. வருகிறது. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. அமைதிக்குச் சர்வே கல் கிடையாது. எந்த வி.ஏ.ஓ.வின் அடங்கலிலும் ‘அமைதி, இத்தனை ஏக்கர்’ என்று ஒரு வரி கிடையாது. அளக்கப்படாததை ஆக்கிரமித்தான் என்று யாரும் வழக்குப் போட முடியாது. ஆகவே கீழ்க்கண்ட இடங்களில் எனக்கு அனுபவ பாத்தியம் உண்டு என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

முதலாவது இடம், செஞ்சிக் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. அவற்றைச் சேர்த்துக் கட்டிய மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் வந்து முற்றுகை போட்டு, 1698-இல்தான் உள்ளே நுழைந்தார். எட்டு ஆண்டு! பீரங்கியும் யானையும் வைத்துக்கொண்டு எட்டு ஆண்டு! நான் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரோடு ஒரே மணி நேரத்தில் உச்சியைப் பிடிக்கிறேன். வண்டி ஏறாத மலை என்று பெருமை பேசினார்கள். வண்டி ஏறாவிட்டால் என்ன? வண்டியில் வந்தவன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிறான்.

சென்ற முறை உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறைப் பிளவுக்கு மேல் பாலம் போட்டிருக்கும் இடத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டே, படிக்குப் படி நின்று ஏறி வந்தவர். காற்று பிளவுக்குள் புகுந்து வெளியேறும் சத்தத்தையும், எங்கோ அடிவாரத்தில் ஓர் ஆட்டுக்காரர் கூப்பிடும் குரலையும் கேட்டபடி கண்ணை மூடியிருந்தார். ஐயா, எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு குத்துப்பாட்டைப் போட்டு அவர் தனிமையைத் தீர்த்துவைத்தேன். அவர் எழுந்து இறங்கிப் போய்விட்டார். நன்றி சொல்லவில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டு. பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்றுதான். உலகமே வரப்போகிறது என்று ஊரில் சந்தோஷப்பட்டார்கள். அவர்களைவிட நான் சந்தோஷப்பட்டேன். உலகம் வண்டியில்தானே வரும்?

இரண்டாவது இடம், கழுவெளி. வானூர், மரக்காணம் பக்கம் கடலோடு கை கோத்துக் கிடக்கும் சதுப்பு. 5,151.6 ஹெக்டேர். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சார் தலமும் ஆயிற்று. மத்திய ஆசியப் பறவைப் பாதையில் இது ஒரு சத்திரம். குளிர்காலத்தில் வெளியூர்க் கூட்டம் வந்து இறங்குகிறது.

அவர்களில் பூநாரையைப் பார்த்திருப்பீர்கள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்று நீரில் வைத்து அலசிக்கொண்டே நடக்கும். நூறு இருந்தாலும் என் சத்தத்துக்கு ஈடு வராது. எனக்குப் பிடிக்காத கூட்டம். ஒரு டிரோனைக் கொஞ்சம் தாழ்வாக விட்டால் போதும். முதலில் ஒரு கழுத்து நிமிரும். அப்புறம் எல்லாக் கழுத்தும் நிமிரும். பூநாரை நினைத்தவுடன் எழும்பும் பறவை அல்ல. தண்ணீரில் தடதடவென்று ஓடி, அந்த ஓட்டத்தில்தான் காற்றைப் பிடிக்கும். காலையிலிருந்து தின்றது அந்த ஓட்டத்தில் கரையும். நாளைக்கு நாலு தடவை கிளப்பினால், திரும்பிப் பறக்கச் சேர்த்துவைத்த கொழுப்பு வழியிலேயே தீர்ந்துபோகும். ஆனால் வீடியோ நன்றாக வரும் ஐயா. பின்னணி இசை நானே போட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது இடம், இந்த மாவட்டத்தின் குன்றுகள் எல்லாம். இங்கே பெரியவர் நான் அல்ல, என் அண்ணன் வெடி. குவாரி வெடி. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் பெருமுக்கல் மலை. வரலாற்றுக்கு முந்திய மனிதன் பாறையில் கீறிய உருவங்கள் அங்கே உண்டு. மேலே சோழர் காலச் சிவன் கோயில் உண்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற பக்கம் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் அங்கே கல்லில் எழுதிவைத்தான். என் அண்ணன் அவனையும் மிஞ்சியவர்: கல்லே இல்லாமல் மலை செய்கிறார்.

அண்ணனுக்கும் கஷ்டகாலம் வந்ததுண்டு. 2021 நவம்பரில், காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று அரசு விதி போட்டது. அண்ணன் இடிந்துபோனார். 2022 டிசம்பரில் காப்புக்காட்டை மட்டும் அந்த விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாண்டவர்களுக்குப் பதின்மூன்று ஆண்டு. என் அண்ணனுக்குப் பதின்மூன்று மாதம். கருணை உள்ள காலம் இது.

செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று இருக்கிறது. ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். அங்கே சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. அவர் காலத்தில் நான் பிறக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். ஒரே ஒரு டிப்பர் லாரியின் ஏர்ஹாரனை அவர் காதில் போட்டிருந்தால் நோன்பும் கிடையாது, கல்வெட்டும் கிடையாது.

அரசின் ஆதரவுக்குச் சான்றுகளும் இணைத்திருக்கிறேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நிலத்தை நாலாகப் பிரிக்கின்றன: தொழிற்பகுதி, வணிகப்பகுதி, குடியிருப்பு, அமைதி மண்டலம். மலை எந்த வரிசை? சதுப்பு எந்த வரிசை? ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் என்று எனக்கு வேலி போட்டார்கள். பகலில் 50 டெசிபல், இரவில் 40 என்று அளவும் சொன்னார்கள். 2017-இல் ஒரு திருத்தம் வந்து வயிற்றில் பால் வார்த்தது: மாநில அரசு தனியாக அறிவித்தால்தான் அது அமைதி மண்டலம். அறிவிக்காதவரை ஆஸ்பத்திரி வாசலும் எனக்குச் சந்தைதான்.

சைலன்சரை மாற்றுவது குற்றம், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் மிரட்டுகிறது. பல குரல் ஏர்ஹாரன் கூடாது என்று விதியும் இருக்கிறது. இரண்டும் கடைவீதியில் பில் போட்டுக் கிடைக்கின்றன. விதி புத்தகத்தில், ஹாரன் வண்டியில். இருவருக்கும் சண்டை இல்லை.

எனக்குத் தொல்லை தருபவர்களின் பட்டியலையும் தருகிறேன்: நடப்பவர்கள், சைக்கிளில் வருபவர்கள், வீடூர் அணைப் பக்கம் தூண்டில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்கள், ஏரிக்கரையில் உலாவும் கிழவர்கள், பைனாகுலரோடு திரிபவர்கள். இவர்கள் பெட்ரோல் வாங்குவதில்லை. பார்க்கிங் கட்டணம் தருவதில்லை. குப்பைகூட ஒழுங்காகப் போடுவதில்லை. திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாட்டின் பொருளாதாரத்துக்கு இவர்களால் என்ன லாபம்?

எனவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, ராஜகிரி உச்சி வரை நாலு வழிச்சாலை போட்டு, மேலே பார்க்கிங்கும் கட்டித் தருமாறும், கழுவெளியில் தண்ணீர் ஸ்கூட்டருக்கு ஏலம் விடுமாறும், வறண்ட மாதங்களில் அதன் தரையை ஜீப் பந்தயத்துக்கு ஒதுக்குமாறும், வெளிநாட்டுப் பறவைகள் வருவதற்கு முன் தடையின்மைச் சான்று வாங்கும்படி உத்தரவிடுமாறும், கால்நடையாக வருபவர்களுக்குத் தனிச் சுங்கச்சாவடி அமைக்குமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இரைச்சல்.
(கையெழுத்து காதில் போடப்பட்டுள்ளது.)

மேற்படி மனுவுக்கு ஆட்சேபணை

பட்டா கொடுக்குமுன் ஊரில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பது வழக்கம். எனக்கு உண்டு. நான் கிண்டல் பேசப் போவதில்லை.

இந்த மனுவை அவன் இன்னும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. கேட்காமலேயே பாதியைக் கொடுத்துவிட்டோம். ‘சுற்றுலா மேம்பாடு’ என்று நம் ஊரில் சொன்னால் என்ன பொருள்? தார்ச்சாலை, பார்க்கிங், விசைப்படகு, ஒலி ஒளிக் காட்சி. ஓர் இடத்துக்குப் போகிற வழியை அகலப்படுத்தி அகலப்படுத்தி, போய்ச் சேர அங்கே ஒன்றுமே இல்லாமல் செய்வதற்குத்தான் மேம்பாடு என்று டெண்டர் விடுகிறோம்.

நடப்பவன் மேல் மட்டும் இந்த அரசுக்கு எத்தனை அக்கறை! 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று நாற்பது பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு செய், கட்டணம் கட்டு, வழிகாட்டியோடு போ என்றார்கள். அத்தனை பேர் செத்த இடத்தில் ஒழுங்கு வேண்டும்தான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு காலோடு காட்டுக்குள் போகிறவனுக்கு அடையாள அட்டை கேட்கத் தெரிந்த அரசுக்கு, காட்டு ஓரத்தில் நூறு சிசியை முறுக்கிக்கொண்டு போகிறவனைக் கைகாட்டி நிறுத்த மட்டும் ஏன் கை வரவில்லை? எவனால் தொந்தரவு இல்லையோ அவனுக்கு ஏழு படிவம். எவனால் தொந்தரவோ அவனுக்கு வரவேற்பு வளைவு.

அமைதி பணக்காரர்களின் ஆசை என்று ஒரு பேச்சு உண்டு. பிழைக்க வழி இல்லாத ஊரில் பறவை பார்க்க வந்துவிட்டார்கள் என்று எகிறுவார்கள். தலைகீழான பேச்சு இது. பணக்காரனுக்கு அமைதி விலைக்குக் கிடைக்கிறது. காம்பவுண்டு சுவர் எழுப்பிய பண்ணை வீடு வைத்திருக்கிறான், ஏ.சி. போட்டுக் கண்ணாடியைச் சாத்திக்கொள்கிறான். அதுவும் போதாவிட்டால் கொடைக்கானலில் அறை எடுக்கிறான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நாளெல்லாம் பூ விற்ற பெண்ணுக்கும், விழுப்புரம் ரயில்வே காலனியில் குடியிருப்பவனுக்கும், கடை அடைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவனுக்கும் காசில்லாமல் கிடைக்கும் ஓய்வு ஏரிக்கரையும் குன்றும்தான். அதையும் பிடுங்கிக்கொண்டு, அவன் குழந்தையைப் பார்த்து ‘பயப்படாதே, அது பைக்தான்’ என்று சொல்லச் சொல்கிறோம்.

இந்த மண்ணுக்கு நடை புதிதல்ல. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை முழுக்கவே ஒரு நடைவழி. எயிற்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கில் வரை பாணனை யாழோடு நடத்திச் செல்கிறது அது. எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம் என்கிறார்கள் அறிஞர்கள். கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பாணன் இன்று அதே வழியில் நடந்தால் யாழ் வாசிக்க வேண்டாம். உயிரோடு சாலையைக் கடந்தாலே பரிசு கொடுக்கலாம்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. மும்பைக்குப் பக்கத்தில் மாத்தேரான் என்று ஒரு மலையூர். கார், பைக் உள்ளே கிடையாது. எல்லையில் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த ஊர் சுற்றுலாவை வைத்தே பிழைக்கிறது. மோட்டார் பித்துப் பிடித்த அமெரிக்காவே 1964-இல் வனாந்தரச் சட்டம் போட்டு, அந்த நிலங்களில் மோட்டார் வண்டியும் மோட்டார் கருவியும் கூடாது என்றது. விழுந்த மரத்தை அறுக்க வரும் வன ஊழியனும் அங்கே பெரும்பாலும் கைவாளைத்தான் எடுத்துப் போகிறான். அவ்வளவு தூரம் போவானேன்? தெற்கே பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் சுரபுன்னைக் கால்வாய்க்குள் போய்ப் பாருங்கள். இயந்திரம் நுழைய முடியாத சந்துக்குள் துடுப்பு நுழைகிறது. ஜனங்கள் எதைப் பார்க்க வருகிறார்களோ அது அந்தச் சந்துக்குள்தான் இருக்கிறது.

நம் கிராமத்து ஜனங்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவை மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பல தலைமுறைப் பழக்கம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேடந்தாங்கல் விவசாயிகள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவையைச் சுடுகிறார்கள் என்று செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். அவர் எழுத்து மூலம் உத்தரவு கொடுத்தார். கோவணம் கட்டிய குடியானவன் போய்க் கேட்டான்; கம்பெனி அதிகாரி கையெழுத்துப் போட்டான். வரி வசூலிக்க வந்தவனுக்கு இருந்த காது, வாக்கு வாங்கி வந்தவர்களுக்கு எங்கே போயிற்று?

அதனால் கேட்கிறேன். அமைதி மண்டலம் என்று அறிவிக்கும் பேனா மாநில அரசின் சட்டைப்பையில் இருக்கிறது. அதை எடுத்துச் செஞ்சி மலைகளையும் கழுவெளிக் கரையையும் அமைதி மண்டலப் பட்டியலில் எழுதட்டும். கோட்டைக்குள் ஸ்பீக்கர் கொண்டுபோகிறவனை வாசலிலேயே நிறுத்தி, வாங்கி வைத்துவிட்டு, திரும்பும்போது கொடுக்கட்டும். தண்ணீர் பாட்டிலைச் சோதிக்கிற கைக்கு இது பெரிய வேலை அல்ல. சதுப்பின் மேல் டிரோன் பறந்தால் அதை இறக்கி, ஏற்றியவன் மேல் வழக்குப் போடட்டும். காப்புக்காட்டை ஒட்டி வெடி வைக்கக் கூடாது என்ற விதியை 2021-இல் இருந்தபடியே திரும்பக் கொண்டுவரட்டும். சைலன்சரைக் கழற்றியவனைப் பிடிப்பதோடு, கழற்றிக் கொடுத்த கடையையும் பூட்டட்டும். ஊரார் பிழைப்புக்கு வழி வேண்டுமென்றால் இருக்கிறது: துடுப்புப் போடுகிறவர், பறவை காட்டுகிறவர், சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர், நுங்கும் பனங்கிழங்கும் விற்கிறவர். இந்த வருமானம் உள்ளூர்க்காரன் மடியில் விழும். விசைப்படகு ஏலம் எவன் மடியில் விழும் என்று உங்களுக்கே தெரியும்.

நடக்க முடியாதவர்களுக்குக் கோட்டை அடிவாரம் வரை பேட்டரி வண்டி விடுங்கள். அதை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். நடக்க முடிந்தும் முறுக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. வண்டியை அடிவாரத்தில் நிறுத்து. சாவியைப் பையில் போடு. பாட்டை அணை. ஏறு. மூச்சு வாங்கினால் உட்கார். அந்த ஆசிரியர் உட்கார்ந்த இடத்தில் உனக்கும் இடம் உண்டு. அது முடியாதென்றால் திரும்பிப் போ. நெடுஞ்சாலை ஒருவழிப் பாதை அல்ல.